மாநகராட்சியும் ஒரு முதலாளிதான்

பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. கசார்வாடி ரயில் நிலையத்தில் லோக்கல் வண்டி வந்து நிற்கும் ஓசை கேட்கிறது. மும்பை–புனே சாலையில் லாரிகள் ஓடுகின்றன. ஓர் அக்கா கையில் நீண்ட துடைப்பத்துடன் தெருவில் இறங்குகிறார்.

இந்த அக்கா நம் பாடத்துக்காக நாம் எண்ணிக்கொண்ட ஒருவர். அவருக்குச் சொந்த ஊர் தமிழ்நாட்டில். மாமியார் காலத்திலேயே குடும்பம் பிழைப்புத் தேடிப் புனேவுக்கு வந்துவிட்டது. அக்கா தெரு கூட்டுகிறார். நான்கு ஆண்டுகளாக அதே தெரு, அதே வேலை. இந்த நான்கு ஆண்டுகளில் காண்ட்ராக்டர் மட்டும் மூன்று முறை மாறிவிட்டார்.

இன்று தேதி 12. சென்ற மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.

வேலையை மேற்பார்க்கும் முகாதமிடம் அக்கா கேட்டார்.

"பாவ், சம்பளம் எப்போ வரும்?"

"எனக்கு என்ன தெரியும் தாயி? பழைய காண்ட்ராக்டரின் காலம் முடிந்துவிட்டது. அவரைப் போய்க் கேள்."

பழைய காண்ட்ராக்டர் தொலைபேசியை எடுக்கவில்லை. புதிய காண்ட்ராக்டர், "அது என் கணக்கு அல்ல" என்றார். அக்கா மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்கள் பெயர் இங்கே இல்லை. நீங்கள் எங்கள் ஆள் இல்லை" என்றார்.

அக்கா வீட்டுக்கு வந்தார். வாசலில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, முகம் வாடிக் கிடக்கு?"

"அவரும் என் ஆள் இல்லை என்கிறார், இவரும் என் ஆள் இல்லை என்கிறார் பெரியம்மா. அப்படியென்றால் நான் யாருடைய ஆள்?"

நல்ல கேள்வி. இந்தப் பாடம் முழுவதும் இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடப் போகிறோம்.

மாநகராட்சி என்ன செய்கிறது?

கசார்வாடி, பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் இருக்கிறது. இந்த மாநகராட்சி 1982-ஆம் ஆண்டில் அமைந்தது. அதற்கு முன் அது நகராட்சியாக இருந்தது.

தெருவைக் கூட்டுவது, குப்பை அள்ளுவது, சாக்கடையைப் பார்ப்பது, குடிநீர் தருவது, விளக்குப் போடுவது, பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்துவது ஆகிய எல்லாம் மாநகராட்சியின் வேலை. இதற்காகத்தான் நாம் வரி கட்டுகிறோம்.

இந்த வேலைகளைக் கட்டடமா செய்யும்? மனிதர்கள்தான் செய்ய வேண்டும். எனவே மாநகராட்சி ஆட்களை வேலைக்கு வைக்கிறது. ஆட்களை வேலைக்கு வைப்பவர் யாரோ, அவர்தான் முதலாளி. மில் முதலாளியைப் போல, கடை முதலாளியைப் போல, மாநகராட்சியும் ஒரு முதலாளி. கிராமப் பஞ்சாயத்தும் நகராட்சியும் அப்படித்தான்.

மாநகராட்சியில் வேலை செய்பவர்கள் பொதுவாக மூன்று வகை.

ஒன்று, நிரந்தரத் தொழிலாளர். இவர்களின் பெயர் மாநகராட்சியின் பதிவேட்டில் இருக்கும்.

இரண்டு, தினக்கூலித் தொழிலாளர். இவர்களின் பெயர் மஸ்டர் ரோல் என்ற தினக்கூலிப் பதிவேட்டில் இருக்கும்.

மூன்று, ஒப்பந்தத் தொழிலாளர். இவர்களைக் காண்ட்ராக்டர் அழைத்து வருகிறார். சம்பளத்தையும் காண்ட்ராக்டரே தருகிறார். வேலை மட்டும் மாநகராட்சியின் வேலை.

நம் அக்கா மூன்றாவது வகை.

நாக்பூரில் எழுந்த கேள்வி

"நாங்கள் மக்களுக்குச் சேவை செய்கிறோம். லாபத்துக்கு வியாபாரம் செய்யவில்லை. எங்களுக்கு ஏன் தொழிலாளர் சட்டம்?" உள்ளாட்சிகள் நெடுங்காலமாக இப்படிக் கேட்டு வந்தன.

மகாராஷ்டிராவில் நாக்பூர் மாநகராட்சிக்கும் அதன் ஊழியர்களுக்கும் இடையே இந்த வழக்கு வந்தது. உச்ச நீதிமன்றம் 1960-ஆம் ஆண்டில் தீர்ப்புச் சொன்னது. லாப நோக்கம் இல்லை என்பதற்காக மாநகராட்சி தொழிலாளர் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அதற்கும் முன்பே இன்னொரு செய்தி உண்டு. குறைந்த கூலிச் சட்டம் 1948-இல் வந்தது. எந்தெந்த வேலைகளுக்கு அரசு குறைந்த கூலி நிர்ணயிக்க வேண்டும் என்ற பட்டியல் அதில் இருந்தது. "உள்ளாட்சியின் கீழ் செய்யும் வேலை" என்பது அந்தப் பட்டியலிலேயே இருந்தது. நாடு விடுதலை பெற்ற அடுத்த ஆண்டிலேயே சட்டம் உள்ளாட்சியை முதலாளி என்று கண்டுகொண்டது.

டில்லியில் மண் சுமந்த பெண்கள்

டில்லி மாநகராட்சியில் பல பெண்கள் தினக்கூலிக்கு வேலை செய்தார்கள். மண் வெட்டினார்கள். சாலை போட்டார்கள். பழுதான சாலையைச் சரிசெய்தார்கள். கருவுற்ற பெண்களும் அதே வேலையைத்தான் செய்தார்கள்.

நிரந்தரப் பெண் ஊழியருக்குப் பேறுகால விடுப்பு உண்டு. சம்பளமும் உண்டு. ஆனால் மஸ்டர் ரோலில் இருந்த பெண்களுக்கு எதுவும் இல்லை. பிள்ளை பெற்றால் கூலி நின்றுவிடும்.

அந்தப் பெண்களுக்காக வழக்கு நடந்தது. தொழில் தீர்ப்பாயம் பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மாநகராட்சி ஏற்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும், பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது.

2000-ஆம் ஆண்டு மார்ச் 8. அன்று உலக மகளிர் நாள். உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேறுகாலச் சட்டத்தில் "நிரந்தரப் பெண்களுக்கு மட்டும்" என்று எங்கும் எழுதவில்லை. தினக்கூலிப் பெண்ணும் பெண்தான், அவள் வயிற்றில் வளர்வதும் பிள்ளைதான். ஆகவே மாநகராட்சி அவர்களுக்கும் பேறுகாலப் பயன் தர வேண்டும் என்பதே தீர்ப்பின் கருத்து.

இன்றைய சட்டப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2017-ஆம் ஆண்டிலிருந்து இந்த அளவு நடைமுறையில் இருக்கிறது. பிள்ளை பிறப்பதற்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும்.

80 நாள் வேலை செய்ததை எப்படிக் காட்டுவது? அதற்குத்தான் கணக்கு வேண்டும். இதைப் பிறகு பார்ப்போம்.

மும்பையில் "தொண்டர்" ஆன தொழிலாளர்

இப்போது புனேவிலிருந்து மும்பைக்குப் போவோம். ரயிலில் மூன்று நான்கு மணி நேரப் பயணம்.

மும்பை மாநகராட்சியில் ஆயிரக்கணக்கானோர் காண்ட்ராக்டர்களின் கீழ் குப்பை அள்ளினார்கள். லாரியில் ஏற்றினார்கள். மாநகராட்சி இவர்களைத் தொழிலாளர் என்று சொல்லவில்லை. "தொண்டர்கள்" என்று சொன்னது. இவர்கள் வாங்கியதைச் சம்பளம் என்று சொல்லவில்லை. "மதிப்பூதியம்" என்று சொன்னது. காண்ட்ராக்டரின் பெயரும் தொண்டு நிறுவனம் என்று மாறியது.

பெயர் மாறினால் வேலை மாறுமா? குப்பை அதே குப்பை. நாற்றம் அதே நாற்றம்.

கச்சரா வாஹ்துக் ஷ்ரமிக் சங்கம் என்ற தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. கச்சரா வாஹ்துக் என்றால் குப்பை ஏற்றிச் செல்வது என்று பொருள். 2,700 தொழிலாளரைப் பற்றிய வழக்கு அது. ஒப்பந்தம் வெறும் போர்வைதான், இவர்களின் உண்மையான முதலாளி மாநகராட்சியே என்று 2014-இல் தொழில் தீர்ப்பாயம் சொன்னது. மும்பை உயர் நீதிமன்றம் 2016-இல் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரல் 7 அன்று அதை உறுதி செய்தது.

அத்தோடு எல்லாம் முடிந்ததா? முடியவில்லை. பட்டியலில் உள்ளவர் யார் என்று சரிபார்க்கும் வேலை தொடங்கியது. ஒரு தாளில் பெயர் ஒரு மாதிரி, இன்னொரு தாளில் வேறு மாதிரி இருந்தது. பலருக்கு எழுத்துப் பிழையே பெரிய தடையாக வந்து நின்றது. உச்ச நீதிமன்றத்தில் வென்றவர்கள் ஓர் எழுத்துக்காக மறுபடியும் அலைந்தார்கள்.

இதை மறக்காதீர்கள். உங்கள் பெயரை எழுதத் தெரிந்துகொண்டீர்கள் அல்லவா? அந்தப் பெயர் ஆதார் அட்டையிலும், வங்கிப் புத்தகத்திலும், சம்பளச் சீட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வழக்குப் போட்டால் எல்லாரும் நிரந்தரம் ஆகிவிடுவார்கள் என்று எண்ணக் கூடாது. தற்காலிகமாகப் பல ஆண்டு வேலை செய்ததால் மட்டும் அரசு வேலை நிரந்தரம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் ஒரு பெரிய வழக்கில் சொல்லியிருக்கிறது. நிரந்தரம் என்பது வேறு கேள்வி. செய்த வேலைக்குக் கூலியும் பாதுகாப்பும் கேட்பது வேறு கேள்வி. இரண்டாவது உரிமை எல்லாத் தொழிலாளருக்கும் உண்டு.

காண்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் யார் கொடுப்பது?

நம் அக்காவின் கேள்விக்கு வந்துவிட்டோம்.

வேலை யாருடையதோ, அவரைச் சட்டம் "முதன்மை முதலாளி" என்று அழைக்கிறது. தெரு மாநகராட்சியின் தெரு. ஆகவே இங்கே முதன்மை முதலாளி மாநகராட்சி. காண்ட்ராக்டர் நடுவில் நிற்பவர்.

1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ஒரு விதியை வைத்தது. காண்ட்ராக்டர் சம்பளம் கொடுக்கவில்லை என்றாலும், குறைத்துக் கொடுத்தாலும், முதன்மை முதலாளி அந்தப் பணத்தைத் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டும். பிறகு அவர் காண்ட்ராக்டரிடம் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டங்கள் பல அவற்றுக்குள் அடங்கிவிட்டன. மேலே சொன்ன விதி புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஒரு மாற்றம் மட்டும் கவனிக்க வேண்டும். 1970-இல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தபோது 20 பேர் இருந்தாலே அது பொருந்தும் என்று இருந்தது. புதிய தொகுப்பில் ஒப்பந்தத் தொழிலாளர் பகுதி 50 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் பொருந்தும். ஆனால் குறைந்த கூலி, சம்பள நாள் ஆகிய விதிகளுக்கு இந்த ஆள் கணக்கு இல்லை. ஒருவரே வேலை செய்தாலும் அவை பொருந்தும்.

புதிய ஊதியச் சட்டத் தொகுப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. உள்ளாட்சி நடத்தும் நிறுவனத்தில் முதலாளி யார்? அந்த உள்ளாட்சியின் தலைமை அதிகாரி. மாநகராட்சியில் அவர் ஆணையர். ஆகவே "முதலாளி யார் என்றே தெரியவில்லை" என்று தொழிலாளி திகைக்க வேண்டியதில்லை. மனுவை யார் பெயருக்கு எழுத வேண்டும் என்பது தெளிவு.

முதலாளியின் கடமைகள்

முதலாளி செய்ய வேண்டியவை பல. முக்கியமான சில இங்கே உள்ளன. மெதுவாகப் படியுங்கள். எது உங்களுக்குக் கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

1. அரசு நிர்ணயித்த குறைந்த கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும்.

2. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். தினக்கூலியை அன்றைய வேலை முடிந்ததும் கொடுக்க வேண்டும். வேலையிலிருந்து நீக்கினால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும்.

3. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று வைக்கக் கூடாது.

4. சம்பளச் சீட்டும் வேலை நியமனக் கடிதமும் தர வேண்டும்.

5. கூடுதல் நேரம் வேலை வாங்கினால், அந்த நேரத்துக்கு இரு மடங்கு கூலி தர வேண்டும்.

6. பி.எஃப். பிடித்தால் முதலாளியும் தன் பங்கைக் கட்ட வேண்டும். பொதுவாகத் தொழிலாளியின் பங்கு 12 சதவீதம். முதலாளியின் பங்கும் அதே அளவு. பிடித்த பணம் தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும். அந்தக் கணக்குக்கு 12 இலக்க எண் உண்டு. காண்ட்ராக்டர் மாறினாலும் அந்த எண் மாறாது.

7. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லை பற்றிய புகாரைக் கேட்க ஒரு குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். இது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். தினக்கூலிப் பெண்ணும், ஒப்பந்தப் பெண்ணும் இந்தக் குழுவில் புகார் தரலாம்.

8. வேலையில் அடிபட்டால் இழப்பீடு தர வேண்டும். காண்ட்ராக்டரின் ஆளுக்கு அடிபட்டாலும் வேலையைக் கொடுத்தவர் பொறுப்பிலிருந்து விலக முடியாது. 1923-ஆம் ஆண்டிலிருந்தே இந்த விதி இருக்கிறது.

உயிருக்குப் பாதுகாப்பு

கூலி ஒரு நாள் தாமதித்து வரலாம். போன உயிர் வராது. ஆகவே பாதுகாப்பு மிகப் பெரிய கடமை.

கசார்வாடியிலேயே 2023 அக்டோபரில் ஒரு விபத்து நடந்தது. மாநகராட்சியின் நீச்சல் குளத்தில் குளோரின் வாயு கசிந்தது. பத்துப் பேருக்கும் மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யப் பயன்படும் அதே குளோரின்தான். அளவோடு இருந்தால் நன்மை. கசிந்தால் கண் எரியும், இருமல் வரும், மூச்சு அடைக்கும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டிப் படரும். எனவே கசிவு நேர்ந்தால் பள்ளத்தில் நிற்கக் கூடாது. மேடான, திறந்த இடத்துக்குப் போக வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ, அந்தப் பக்கம் ஓடக் கூடாது.

இப்படிப்பட்ட பொருளைக் கையாளும் தொழிலாளிக்கு முதலில் பயிற்சி வேண்டும். முகமூடி வேண்டும். ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று சொல்லித் தர வேண்டும். இவை முதலாளியின் கடமைகள்.

சாக்கடையில் சட்டம் இன்னும் கடுமையானது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாக்கடைக் குழியையோ மலக்குழியையோ பாதுகாப்பு இல்லாமல் சுத்தம் செய்ய எந்த உள்ளாட்சியும் யாரையும் இறக்கக் கூடாது. காண்ட்ராக்டர் மூலமாகவும் இறக்கக் கூடாது. மீறினால் முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

குழியில் இறங்கி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று சொன்னது. அதற்கு முன் இந்தத் தொகை 10 லட்சமாக இருந்தது.

"இறங்கு, ஐந்நூறு ரூபாய் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் என்ன செய்ய வேண்டும்? இறங்கக் கூடாது. குழிக்குள் இருக்கும் விஷ வாயு கண்ணுக்குத் தெரியாது. உள்ளே விழுந்தவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறந்த செய்திகள் பல உண்டு. மறுப்பது குற்றம் அல்ல. இறக்குவதுதான் குற்றம்.

வேறு நாட்டிலும் இதே கதை

இந்தச் சிக்கல் நம் நாட்டில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் மெம்பிஸ் என்று ஒரு நகரம். அங்கே 1968 பிப்ரவரி 1 அன்று மழை. குப்பை அள்ளும் தொழிலாளர் இருவர் மழைக்குக் குப்பை லாரியின் உள்ளே ஒதுங்கினார்கள். குப்பையை அமுக்கும் இயந்திரம் திடீரென்று ஓடியது. இருவரும் நசுங்கி இறந்தார்கள்.

அதன் பிறகு சுமார் 1,300 துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவர்களின் முதலாளி மெம்பிஸ் நகராட்சிதான். அவர்களுக்கு ஆதரவாக வந்த தலைவர் மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4 அன்று அதே நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று நகராட்சி தொழிற்சங்கத்தை ஏற்றது. கூலியை உயர்த்த ஒப்புக்கொண்டது.

எந்த நாடானாலும் குப்பை அள்ளுபவரின் உழைப்பு ஊரின் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. அவர் வேலையை நிறுத்தும் நாளில்தான் ஊர் அவரைப் பார்க்கிறது.

அக்கா என்ன செய்தார்?

பெரியம்மா அக்காவை உட்கார வைத்தார்.

"அழாதே. உன்னிடம் என்னென்ன தாள் இருக்கு, எடுத்து வா."

அக்கா ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். அதில் மூன்று சம்பளச் சீட்டு, ஒரு அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் இருந்தன. சீட்டு மராத்தியில் இருந்தது. அக்காவுக்குத் தமிழ் எழுத்துத்தான் தெரியும். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் மராத்திப் பள்ளியில் படிக்கிறாள். அவள் படித்துச் சொன்னாள்.

"அம்மா, இதிலே உன் பேர் தப்பா இருக்கு. இங்கே பி.எஃப். பிடித்ததா எழுதியிருக்கு. இந்த மாசம் 26 நாள் வேலை செஞ்சே இல்லையா? இதிலே 22 நாள்னு போட்டிருக்கு."

அக்கா திடுக்கிட்டார். மூன்று மாதமாக அந்தச் சீட்டு பைக்குள்ளேயே கிடந்தது. நான்கு நாள் கூலி போனது யாருக்கும் தெரியவில்லை.

மராத்தியில் எண்களைச் சில இடங்களில் வேறு வடிவில் எழுதுவார்கள். அந்தப் பத்து வடிவங்களையும் மகள் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு மாலை நேரம் போதுமானதாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து அக்கா ஒரு நோட்டு வைத்துக்கொண்டார். வேலைக்குப் போன நாள், வேலை செய்த தெரு, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகியவற்றைத் தமிழில் எழுதினார்.

பிறகு அக்கா தனியாகப் போகவில்லை. கூட வேலை செய்யும் பதினொரு பேரும் சேர்ந்தார்கள். மகள் மராத்தியில் ஒரு மனு எழுதினாள். அதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"பெறுநர்: ஆணையர், பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி.
ஐயா, நாங்கள் கசார்வாடியில் தெரு கூட்டும் ஒப்பந்தத் தொழிலாளர். எங்களுக்குச் சென்ற மாதச் சம்பளம் 7-ஆம் தேதிக்குள் வரவில்லை. காண்ட்ராக்டர் தரவில்லை. முதன்மை முதலாளி என்ற முறையில் மாநகராட்சி எங்கள் சம்பளத்தைத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். வேலை செய்த நாள்களின் பட்டியலை இணைத்துள்ளோம்."

கீழே எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மனுவை இரண்டு படி எடுத்தார்கள். அலுவலகத்தில் ஒரு படியைக் கொடுத்தார்கள்.

"வைத்துவிட்டுப் போங்கள்" என்றார் உள்ளே இருந்தவர்.

"எங்கள் படியில் முத்திரையும் தேதியும் போட்டுத் தாங்க சார்" என்றார் அக்கா. நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. முத்திரை விழுந்தது.

சம்பளம் மறுநாளே வந்துவிடாது. ஆனால் இனி யாரும் "நீங்கள் கேட்கவே இல்லையே" என்று சொல்ல முடியாது. அந்த முத்திரைத் தாள் அவர்களிடம் இருக்கிறது.

அப்போதும் சம்பளம் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் முறையிடலாம். மூன்று ஆண்டுக்குள் முறையிட வேண்டும். தொழிற்சங்கத்தின் உதவியையும் கேட்கலாம். வழக்குக்குப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் அந்த உதவி உண்டு. அதைக் கேட்க 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம்.

அன்று மாலை பெரியம்மா கேட்டார். "அலுவலகத்திலே என்னடி சொன்னாங்க?"

"யாருடைய ஆள்னு கேட்டாங்க பெரியம்மா. இந்தத் தெரு யாருடையதுன்னு நான் திருப்பிக் கேட்டேன்."

பதில் சொல்லுங்கள்

1. மாநகராட்சியை ஏன் முதலாளி என்கிறோம்?
2. மஸ்டர் ரோலில் இருந்த டில்லிப் பெண்கள் எதற்காக வழக்கு நடத்தினார்கள்? தீர்ப்பு எந்த நாளில் வந்தது?
3. மும்பைத் தொழிலாளரை மாநகராட்சி என்ன பெயரால் அழைத்தது? ஏன் அப்படி அழைத்திருக்கும்? பேசிப் பாருங்கள்.
4. காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் யாரிடம் கேட்க வேண்டும்?
5. மாதச் சம்பளம் எந்தத் தேதிக்குள் வர வேண்டும்?

கணக்கிட்டுப் பாருங்கள்

ஒரு நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அக்கா 26 நாள் வேலை செய்தார். சீட்டில் 22 நாள் என்று இருந்தது. அவருக்கு எவ்வளவு குறைந்தது?

எழுதிப் பாருங்கள்

உங்கள் சம்பளச் சீட்டை எடுங்கள். அதிலிருந்து உங்கள் பெயர், வேலை செய்த நாள், மொத்தக் கூலி, பிடித்தம், கைக்கு வந்த பணம் ஆகிய ஐந்தையும் நோட்டில் எழுதுங்கள். சீட்டு உங்களுக்குத் தரவில்லை என்றால், "எனக்குச் சம்பளச் சீட்டு வேண்டும்" என்று ஒரு மனு எழுதுங்கள். கீழே தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.